சக்கரத்தைப் பார்த்து நடப்பவர்கள்

புதுத் தேரானாலும் பழுது பார்த்த தேரானாலும் திருவிழாவுக்கு முன்பு ஒருநாள் இழுத்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். வெள்ளோட்டம் என்று அதற்குப் பெயர். அன்று உற்சவர் தேரில் எழுந்தருளுவதில்லை. அச்சு தாங்குகிறதா, வடம் பொறுக்கிறதா, வீதி முக்கில் திரும்பும்போது தேர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுகொள்வதற்கான நாள் அது. செய்த தச்சர்களும் கொல்லர்களும் கூடவே நடப்பார்கள். சக்கரங்களின் பக்கத்தில் முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு சிலர் குனிந்தபடி வருவார்கள். வடம் பிடிப்பவர்களால் தேரை நகர்த்தத்தான் முடியும். நிறுத்துவதும் திருப்புவதும் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கையில் இருக்கிறது.

சிறுவயதில் தேர் பார்க்கப் போகும்போதெல்லாம் எல்லோரையும் போல நானும் அண்ணாந்துதான் பார்த்தேன். கீழே பார்க்க வேண்டும் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஊர் முழுக்க மேலே பார்த்துக் கைகூப்பும் நேரத்தில் முட்டுக்கட்டைக்காரர் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. எடுத்தால் உயிருக்கு ஆபத்து. அவருக்குத் திருவிழா என்பது உருண்டு வரும் ஒரு மரவிளிம்பு. வெள்ளோட்டத்தன்று, தேர் நிலைக்கு வந்து நின்ற பிறகு, ஒருவர் சற்றுத் தள்ளிப்போய் நின்று, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அதைக் கலசம் வரைக்கும் பார்த்ததை ஒருமுறை கண்டிருக்கிறேன். அன்று தேர் அவருடையதாக இருந்தது.

கேளிக்கைப் பூங்காக்களில் வேலை செய்பவர்களைப் பற்றி நினைக்கும்போது அவர்தான் நினைவுக்கு வருகிறார். ஒரு பூங்காவில் புதிதாக ஒரு சவாரி வருகிறது. அதை ஓட்டப்போகிறவர், அதன் வாசலைக் கூட்டப்போகிறவர், பக்கத்தில் பாப்கார்ன் விற்கப்போகிறவர், இரவெல்லாம் விழித்து அதன் தண்டவாளத்தைச் சோதிக்கப்போகிறவர், இவர்களெல்லாம் அதில் எப்போது ஏறுவார்கள்? யாரோடு ஏறுவார்கள்? சம்பளமும் வேலை நேரமும் பேசும் இடத்தில் இது மிகச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒருவர் தன் கையால் நடத்தும் மகிழ்ச்சியில் அவருக்கு என்ன பங்கு என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

*

2019 மே 31 அன்று, கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் இருக்கும் டிஸ்னிலேண்டில் ‘ஸ்டார் வார்ஸ்: கேலக்ஸிஸ் எட்ஜ்’ என்ற புதிய பகுதி திறக்கப்பட்டது. 14 ஏக்கர் நிலம். ‘பட்டூ’ என்ற கற்பனைக் கோளில் ஒரு சந்தை ஊர். கரடுமுரடான கல் கோபுரங்கள், துருவேறிய விமானங்கள், பேர் தெரியாத தின்பண்டங்கள். திரைப்படத்தில் பார்த்த ‘மில்லேனியம் ஃபால்கன்’ விண்கலத்துக்குள் போய் ஆறு பேர் உட்காரலாம். இருவர் ஓட்ட, இருவர் சுட, இருவர் பழுது நீக்க.

அங்கே வேலைக்கு வந்தவர்கள் அந்த ஊரின் குடிகள் ஆனார்கள். பல துண்டுகளாகத் தைத்து வைத்த உடைகளிலிருந்து அவரவர் தமக்குப் பிடித்ததை எடுத்துச் சேர்த்து அணியலாம். நான் யார், இந்த ஊருக்கு எப்படி வந்தேன் என்று ஆளுக்கொரு கதையை மனதில் கட்டிக்கொள்ளலாம். பகலில் வருகிறவர்களிடம் அந்த ஊர் வழக்கப்படி சூரியன்களின் பேரால் வணக்கம் சொல்ல வேண்டும், இரவில் நிலவுகளின் பேரால். ஒரு ஊரின் பாஷையைக் கற்றுக்கொண்டு, அந்த ஊர்க்காரராகவே நாள் முழுக்க நிற்பது எளிய வேலையில்லை. அதற்கு உடம்பும் வேண்டும், நம்பிக்கையும் வேண்டும்.

திறப்புக்கு முந்தைய வாரங்களில் பணியாளர்களுக்கு முறைவைத்து முன்னோட்டம் காட்டினார்கள். பிறகு கதவு திறந்தது. ஜூன் 23 வரை முன்பதிவு செய்த விருந்தினர்களுக்கு மட்டும் அனுமதி, ஆளுக்கு நான்கு மணி நேரம். பணியாளர்கள் கையில் வைத்திருந்த இலவசப் பாஸ் அந்த நாட்களில் செல்லாது. பட்டூவின் குடிகள் பணி உடையில் பட்டூவுக்குள் போகலாம். சொந்தச் சட்டையில் போக முடியாது.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பாஸ் கொடுக்கும்போதே எந்தெந்த நாள் செல்லாது என்று நாட்காட்டியும் கொடுத்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் வாரம் போன்ற நெரிசலான நாட்கள் எப்போதும் அடைபட்டே இருக்கும். அனஹைமில் அப்போது 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஒவ்வொருவரும் குடும்பத்தோடு ஒரே வாரத்தில் வந்தால் பணம் கட்டி வருகிறவர்களுக்கு நிற்க இடம் இருக்காது. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு நாட்காட்டியில் அடைபட்ட கட்டங்களையும் திறந்த கட்டங்களையும் பார்க்கும்போது, இந்த இடம் யாருக்காக இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. மற்றவர்களுக்கு விருப்பமான நாளெல்லாம் உனக்கு வேலை நாள். யாருக்கும் வேண்டாத நாள் உன் விடுமுறை நாள். உலகெங்கும் விருந்துபசாரத் தொழிலில் இருக்கும் எவருக்கும் இந்த வாக்கியம் தெரியும். தீபாவளியன்று ஓட்டல் சமையற்கட்டில் நிற்பவருக்கும் தெரியும்.

*

டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. திறக்கும் முன்பே அங்கே ஒரு புது மொழி உருவாகிவிட்டது. வான் ஃபிரான்ஸ் என்பவர் பணியாளர்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுத்தார். அது பின்னாளில் ‘டிஸ்னி பல்கலைக்கழகம்’ என்று பேர் பெற்றது. அங்கே வாடிக்கையாளர் கிடையாது, விருந்தினர் மட்டும். தொழிலாளி கிடையாது, நாடகக் குழு உறுப்பினர். சீருடை கிடையாது, வேஷம். மக்கள் நடமாடும் இடம் மேடை, அவர்கள் கண்ணுக்குப் படாத இடம் மேடையின் பின்புறம். சட்டையில் குத்திய பட்டையில் பெயர் இருக்கும், பதவி இருக்காது.

இந்தச் சொற்களை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. குப்பை அள்ளும் ஒருவரிடம் ‘நீயும் இந்த நாடகத்தில் ஒருவன், உன்னைப் பார்த்துத்தான் ஒரு குழந்தை இந்த உலகத்தை நம்பும்’ என்று சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. பலர் அதை நெஞ்சார ஏற்றுக்கொண்டு முப்பது, நாற்பது ஆண்டுகள் அங்கேயே கழித்திருக்கிறார்கள்.

ஆனால் நாடகம் என்று பேர் வைத்தவுடன் மேடைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு உலகமும், இரண்டுக்கும் நடுவே ஒரு கதவும் வந்துவிடுகின்றன. ஃபுளோரிடாவில் 1971 அக்டோபர் 1 அன்று திறந்த ‘மேஜிக் கிங்டம்’ பூங்காவில் இதைக் கல்லும் சிமெண்டுமாகவே காணலாம். கவ்பாய் வேஷம் போட்ட ஒரு பணியாளர் எதிர்கால உலகப் பகுதி வழியாகத் தன் வேலையிடத்துக்கு நடந்து போனதை டிஸ்னிலேண்டில் வால்ட் டிஸ்னி பார்த்துச் சங்கடப்பட்டார் என்றொரு கதை உண்டு. அதனால் ஃபுளோரிடாவில் பணியாளர்கள் நடப்பதற்கென்றே பாதைகள் கட்டினார்கள். நிலத்தடி நீர் அங்கே மேலேயே இருப்பதால் தோண்ட முடியவில்லை. தரை மட்டத்திலேயே பாதைகளைக் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் பூங்காவை வைத்தார்கள். கோட்டையைப் பார்க்க வரும் விருந்தினர் தாம் தரையில் நடப்பதாக நினைக்கிறார். உண்மையில் அவர் நடப்பது மேல்மாடியில். தரையில் நடப்பவர்கள் கீழே, குழாய்களும் கம்பிகளும் ஓடும் நீண்ட பாதையில், துணி மூட்டைகளோடும் உணவு வண்டிகளோடும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நம் தெருக்கூத்தும் நாடகம்தான். அங்கே திரை என்பது இரண்டு பேர் பிடித்துக்கொள்ளும் ஒரு துணி. தன் கட்டம் முடிந்த கூத்தாடி ஒதுங்கி உட்கார்ந்து பின்பாட்டு பாடுவார். துரியோதனனாக ஆடியவர் திரௌபதிக்காகக் குரல் கொடுப்பார். விடிய விடிய நடக்கும் கூத்தைக் கூத்தாடிகளும் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், சில இடங்களில் கண்ணும் கலங்குகிறார்கள். ஆடுகிறவருக்கே கதையைப் பார்க்கும் வாய்ப்பு அங்கே இயல்பாக வாய்த்திருக்கிறது. பெரிய பூங்காவின் நாடகத்தில் அதைக் கம்பெனி ஏற்பாடு செய்து தர வேண்டியிருக்கிறது. முன்னோட்டம் என்ற வழக்கம் அங்கேதான் பிறக்கிறது.

*

அந்த முன்னோட்டத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு புதிய ரோலர் கோஸ்டர் முதலில் வெறும் வண்டியாக ஓடும். பிறகு மனித எடைக்குத் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்கார வைத்து நூற்றுக்கணக்கான முறை ஓட்டுவார்கள். பொம்மைகள் தேறிய பிறகு பொறியாளர்கள் ஏறுவார்கள். கடைசியில்தான் பணியாளர் கூட்டம் வரும். ஏனென்றால் பொம்மைகளால் காட்ட முடியாத சில விஷயங்களை மனிதர்கள்தான் காட்ட முடியும். வரிசை எங்கே முட்டிக்கொள்கிறது, எந்தப் படியில் கால் தடுக்குகிறது, பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எத்தனை பேர் திகைக்கிறார்கள், ஒரு பாட்டிக்கு வண்டியில் ஏற எவ்வளவு நேரம் ஆகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 20 பேர் ஏறும் வண்டி 40 நொடிக்கு ஒன்றாகக் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் 90 வண்டிகள், 1,800 பேர். கம்பியை மடியில் இறக்கிச் சரிபார்க்கும் வேலையில் வண்டிக்கு 10 நொடி கூடினால் 72 வண்டிகள், 1,440 பேர். அந்தப் பத்து நொடியில் ஒரு மணிக்கு 360 பேர் வெயிலில் கூடுதலாக நிற்க வேண்டியதாகிறது. பணியாளர்கள் முன்னோட்டத்தில் ஏறி இறங்கும்போது ஓரமாக நிற்கும் ஒருவர் கையில் கடிகாரத்தோடு இந்த நொடிகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார். பாதி வழியில் சவாரி நின்றுபோவதும் அப்போதுதான் அடிக்கடி நடக்கும். விளக்குகளைப் போட்டு, கைப்பிடித்து இறக்கி, ஓரப் பாதையில் நடத்திக் கூட்டிவருவார்கள். அப்படி நடத்தி வருபவருக்கும் அது ஒத்திகைதான்.

ஆகவே முன்னோட்டம் ஒரே நேரத்தில் விருந்தாகவும் வேலையாகவும் இருக்கிறது. தேருக்கு வெள்ளோட்டம் எப்படியோ அப்படி. இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. வெள்ளோட்டத்தில் நடக்கும் தச்சரிடம் ‘இது வேலையா, விழாவா’ என்று கேட்டால் அவர் சிரிப்பார். தன் வேலை பிழையில்லாமல் வந்திருக்கிறதா என்று அறியும் தவிப்பும், தான் செய்தது நகர்வதைக் காணும் பூரிப்பும் அவருக்கு வேறு வேறு இல்லை. 2025 மே 22 அன்று ஃபுளோரிடாவில் யுனிவர்சல் நிறுவனத்தின் ‘எபிக் யுனிவர்ஸ்’ பூங்கா திறப்பதற்கு முன்பும் பணியாளர்கள்தான் முதலில் உள்ளே போனார்கள். ஒரு முழுப் பூங்காவின் முதல் ஜனங்கள் அவர்கள். அந்த இடத்தின் முதல் சிரிப்பும் முதல் அலறலும் அவர்களுடையவை. அந்த முதன்மையை அவர்களிடமிருந்து யாராலும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

சவாரியில் ஏறியிருப்பது வேலைக்கும் தேவை. வரிசையில் நிற்கும் ஒரு சிறுமி தன் அம்மாவின் புடவையையோ கால்சட்டையையோ பிடித்துக்கொண்டு ‘ரொம்ப இருட்டா இருக்குமா?’ என்று கேட்கிறாள். பயிற்சி ஏட்டைப் படித்தவர் அதற்கு ஒரு பதில் சொல்வார். ஏறி இறங்கியவர் வேறு பதில் சொல்வார்: ‘முதல் திருப்பத்தில் மட்டும் இருட்டு. பத்து வரைக்கும் எண்ணு, வெளிச்சம் வந்துவிடும்.’ அந்தப் பத்து எண்ணிக்கையை ஏட்டிலிருந்து எடுக்க முடியாது. உடம்பு கொண்டு அறிந்தது அது.

*

ஒருவேளை இப்படிக் கேட்கலாம். தந்திரம் தெரிந்தவருக்கு அதில் என்ன ஆச்சரியம் மிஞ்சும்? எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டவருக்கு இருட்டில் ஏறி என்ன கிடைக்கும்?

டிஸ்னிலேண்டின் ‘ஹாண்டட் மேன்ஷன்’ 1969 ஆகஸ்ட் 9 அன்று திறந்தது. அந்தப் பேய் மாளிகையில் ஒரு நடனக் கூடம் வரும். உயரத்திலிருந்து நாம் பார்க்க, ஊடுருவித் தெரியும் உருவங்கள் கீழே சுழன்று ஆடும். பிரமாண்டமான கண்ணாடியில் விழும் பிம்பங்கள் அவை. 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் காட்டிப் புகழ்பெற்ற உத்தி. அங்கே பராமரிப்பு வேலை செய்பவருக்கு உருவங்கள் எங்கே நிற்கின்றன, கண்ணாடி எங்கே இருக்கிறது, தூசி எங்கே படியும் என்று எல்லாம் தெரியும். ஆனால் அவர் ஒரு மாலை விருந்தாளியாக அந்த வண்டியில் அமர்ந்து, பக்கத்தில் இருக்கும் தன் மகன் வாயைத் திறந்துகொண்டு கீழே பார்ப்பதைப் பார்க்கும்போது அவருக்கு வருவதும் ஆச்சரியம்தான். பேய் எங்கிருந்து வந்தது என்று மகன் வியக்கிறான். இத்தனைக்குப் பிறகும் பேய் வருகிறதே என்று அவர் வியக்கிறார். வீணை செய்பவருக்கு மரமும் நரம்பும் தெரியும் என்பதால் அவருக்கு ராகம் கேட்காமல் போவதில்லை.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் வி.ஜி.பி. பூங்காவுக்கு என் வயதுக்காரர்கள் எல்லோரும் பள்ளிச் சுற்றுலாவாகவோ குடும்பத்தோடோ போயிருப்பார்கள். அங்கே வாசலருகே சிலை மனிதர் நிற்பார். ராஜகாலத்துக் காவலாளி உடை, மீசை, அசையாத கண்கள். ராட்டினங்களை மறந்துவிட்டு நான் அவர் முன்னால் நின்றேன். முகத்தைக் கோணிக் காட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் பாட்டுப் பாடினார்கள், கேலி பேசினார்கள், கும்பிட்டார்கள். அவர் அசையவில்லை. அப்பா என் தோளைத் தொட்டு, ‘போதும் வா, அவருக்கும் கால் வலிக்கும்’ என்றார். வீடு திரும்பும் வழி முழுக்க அந்தச் சொல் என்னோடு வந்தது. அதுவரை அந்த மனிதருக்குக் கால் இருப்பது எனக்குத் தோன்றவில்லை. என் நாளின் மிகப்பெரிய அதிசயம் அவர். அவருடைய நாளில் நான் இன்னுமொரு முகம். அவர் வேஷத்தைக் கழற்றி, கைகால்களை உதறி, ஒரு ராட்டினத்தில் ஏறிக் காற்றில் கத்திச் சிரிப்பதாகப் பல இரவுகள் கற்பனை செய்திருக்கிறேன். அவருக்கு அது கிடைக்க வேண்டும் என்று ஒரு குழந்தைக்குத் தோன்றியது. இப்போதும் அப்படியே தோன்றுகிறது.

*

எந்தப் பணியாளருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அவர்களுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு. ஜான் வான் மானென் என்ற சமூகவியல் அறிஞர் இளமையில் டிஸ்னிலேண்டில் சவாரி ஓட்டியவர். பிற்காலத்தில், 1991இல் வெளியான கட்டுரை ஒன்றில் அந்தப் பணியாளர்களின் படிநிலையை விவரித்திருக்கிறார். வழிகாட்டிகள் மேலே, பேசிக்கொண்டே படகு ஓட்டுபவர்கள் அதற்கடுத்து, பிறகு மற்ற சவாரிகளை இயக்குபவர்கள், கூட்டுபவர்கள், எல்லோருக்கும் கீழே உணவுக்கடையில் நிற்பவர்கள். கிட்டத்தட்ட ஒரே வயது, கொஞ்சம் முன்பின்னாக ஒரே கூலி. ஆனாலும் வேஷமும் நிற்கும் இடமும் மரியாதையைப் பிரித்துவிட்டன. தேரின் வடத்தை யார் பிடிப்பது என்று நீதிமன்றம் வரை போன ஊர்கள் நம்மிடமே உண்டு. அதனால் இந்தப் படிநிலையைக் கேட்டு நமக்கு அதிர்ச்சி வர வேண்டியதில்லை, வெட்கம் வரலாம்.

ஒரு புதிய சவாரியின் முதல் பார்வை, பாத்திரம் கழுவுகிறவருக்கும் துணி வெளுக்கிறவருக்கும் இரவுக் காவலருக்கும் போய்ச் சேருகிறதா என்பதை வைத்துத்தான் அந்த முன்னோட்டத்தை நான் அளப்பேன். பகல் ஷிஃப்ட்டுக்கு மட்டும் தோதாக நேரம் குறித்தால், இரவில் தண்டவாளத்தில் நடப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கு அழைப்பே வராமல் போகலாம். தேர் எல்லோருடையதும் என்று சொல்லிவிட்டு வெள்ளோட்டத்தை ஒரு தெருவோடு நிறுத்திக்கொள்வது போன்றது அது.

கூலியைப் பேசாமல் இதைப் பேசவும் கூடாது. 2018இல் ஆக்ஸிடென்டல் கல்லூரியும் ஒரு ஆய்வு நிறுவனமும் டிஸ்னிலேண்ட் பணியாளர்களில் சுமார் 5,000 பேரிடம் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. தொழிற்சங்கங்களின் ஆதரவோடு நடந்த ஆய்வு. நிறுவனம் அதன் முடிவுகளை மறுத்தது. அதில், அன்றாடச் செலவுக்கே சம்பளம் போதவில்லை என்றவர்கள் 73 சதவீதம். முந்தைய இரண்டு ஆண்டுகளில் சொந்தமாகத் தங்க இடமில்லாமல் இருந்ததாகச் சொன்னவர்கள் 11 சதவீதம். பணியாளர்கள் போராடினார்கள். பேச்சுவார்த்தைகள் நடந்தன. பலருக்கு மணிக்கு 15 டாலர் என்ற கூலி 2019இல் வந்தது. 2024 ஜூலையில் சுமார் 14,000 பேருக்கு மணிக்கு 24 டாலர் குறைந்தபட்சக் கூலி என்று ஒப்பந்தம் ஆனது. இலவசச் சீட்டு எந்த நாளும் வாடகைக்கு ஈடாகாது. முன்னோட்டத்தைக் காட்டிக் கூலியைக் குறைத்தால் அது ஏமாற்று.

ஆனால் கூலி கிடைத்துவிட்டால் சீட்டு தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. 2019 தொடக்கத்தில் டிஸ்னிலேண்டுக்கு ஒருநாள் சீட்டு 104 டாலரிலிருந்து 149 டாலர் வரை இருந்தது. மணிக்கு 15 டாலர் வாங்குபவர் எட்டு மணி நேரம் நின்றால் 120 டாலர். அதாவது ஒரு குழந்தையை ஒருநாள் உள்ளே கூட்டிப்போக, அதே இடத்தில் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் நிற்க வேண்டும். இரண்டு குழந்தைகள் இருந்தால் இரண்டு நாள். அந்தக் குடும்பத்தை வாசலில் உரிமையோடு நிறுத்துவது கையிலிருக்கும் பாஸ்தான். அதனால்தான் நாட்காட்டியின் அடைபட்ட கட்டங்கள் அவர்களை அப்படி வருத்துகின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வரும் வாரம் அப்பாவின் பாஸ் செல்லாத வாரமாக இருக்கிறது. ‘உங்க அப்பா அங்கேதானே வேலை செய்றாரு, நீ இன்னும் போகலையா?’ என்று வகுப்பில் கேட்கப்படும் கேள்விக்கு அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

*

ஜப்பானில் வேறொரு வழக்கம் இருந்துவந்திருக்கிறது. டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15 அன்று திறந்தது. அதை நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். அங்கே பணியாளர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாக வருபவர்கள். ஆண்டில் ஒரு மாலை, விருந்தினர்களை வழக்கத்தைவிட முன்னதாகவே அனுப்பிவிட்டுப் பூங்காவை அவர்களுக்கென்று திறந்துவிடுவார்கள். ‘தேங்க்ஸ் டே’ என்று அதற்குப் பெயர். அன்று வேஷம் அணிவது நிரந்தர ஊழியர்களும் மேலாளர்களும் நிர்வாகிகளும். சவாரியை இயக்குவது அவர்கள், உணவு பரிமாறுவது அவர்கள், வாசலில் நின்று கையசைத்து வரவேற்பது அவர்கள். நாள்தோறும் மேடையில் நிற்பவர்கள் அன்று சொந்த உடையில் முன்வாசல் வழியாக வருகிறார்கள்.

இந்த வழக்கத்தைப் பற்றி அறிந்தபோது எனக்கு மனம் நிறைந்தது. ஒரு மாலையால் ஒரு வருஷத்துக் கணுக்கால் வலி தீராது என்று தெரியும். அடுத்த நாள் காலை அவரவர் இடத்துக்கு அவரவர் திரும்பிவிடுவார்கள் என்றும் தெரியும். ஆனால் அந்த மாலையில் ஒரு உண்மை ஒப்புக்கொள்ளப்படுகிறது. கையசைப்பது ஒரு வேலை. அதற்குத் தோள் வலிக்கும். நாற்காலியில் அமர்ந்து ஆண்டு முழுவதும் திட்டம் போடுபவர் நான்கு மணி நேரம் கையசைத்துப் பார்த்தால் அதை அவர் உடம்பு நினைவு வைத்துக்கொள்ளும். எதிரே, கையசைப்பதைப் பெற்றுக்கொள்பவருக்கும் ஒன்று விளங்கும். நாள்தோறும் தான் கொடுத்துக்கொண்டிருந்தது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவர் சுவைத்துப் பார்க்கிறார். சமைக்கிறவள் ஒருநாள் பந்தியில் உட்காருவது போல.

பணியாளருக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். வெள்ளோட்டத்தோடு முடிந்துவிடாத ஒரு பங்கு. பொதுமக்கள் வருவதற்கு முன்பு காலியான பூங்காவில் ஒருமுறை ஏறி இறங்குவது நல்லது. அதற்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ஆனால் சவாரி என்பது அதன் வரிசையும்தான், வெயிலும்தான், முன்னால் நிற்கும் அந்நியரோடு பேச்சுக் கொடுப்பதும்தான். ஜனம் நிறைந்த ஒரு நாளில், பேர்ப்பட்டை இல்லாமல், யாரும் தன்னிடம் வழி கேட்காமல், கூட்டத்தில் ஒருவராக நிற்பதற்கும் அவருக்கு இடம் வேண்டும். வருஷத்தில் சில நல்ல நாட்களையாவது, பள்ளி விடுமுறையில் வரும் நாட்களையாவது, அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்தால் பூங்காவின் கணக்கு கவிழ்ந்துவிடாது. திருவிழாவில் முட்டுக்கட்டைக்காரர்கள் முறை மாற்றிக்கொள்வார்கள். ஒரு வீதி முழுக்கக் குனிந்து வந்தவர் அடுத்த வீதியில் நிமிர்ந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். தேர் அதனால் நிற்பதில்லை.

அப்படி ஒரு நாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வார விடுமுறை. ஒரு பணியாளர் தன் மகளோடு முன்வாசலில் நுழைகிறார். வரிசையில் நிற்கிறார். வண்டி வருகிறது, இருவரும் அமர்கிறார்கள். கம்பி மடியில் இறங்குகிறது. சரிபார்க்க வேண்டிய இளம் பணியாளர் இன்னும் இரண்டு வண்டி தள்ளி இருக்கிறார். அதற்குள் இவர் கை தானாகவே நீண்டு, மகளின் கம்பியை ஒருமுறை கீழே அழுத்தி, ஒருமுறை மேலே இழுத்துப் பார்க்கிறது. பிறகு பக்கத்தில் இருக்கும் அந்நியரின் கம்பியையும் கண்ணால் தொட்டுவிட்டு வருகிறது. இளம் பணியாளர் அதைக் கண்டுகொள்கிறார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. வண்டி நகர்கிறது. இவர் இப்போது நிமிர்ந்து மேலே பார்க்கலாம்.